பின் இருக்கையில் அப்பா

அத்தியாயம் 11

அந்த நீலப் பை இளையவளின் கனவில் மறுபடியும் வந்தது.

போன வாரம் ரயில் நிலைய வாசலில் பிடிபட்ட காரின் பின் இருக்கையில் கிடந்த பள்ளிக்கூடப் பை அது. காரை ஓட்டிவந்தவர் ஒரு வாத்தியார். பள்ளி விட்ட பிறகு, போன் செயலியில் கூப்பிடுகிறவர்களுக்கு வண்டி ஓட்டுகிறவர். காரை இழுத்துக்கொண்டு போக ஆள் வந்தபோது அவர் சத்தம் போடவில்லை. "பொண்ணோட பையை மட்டும் எடுத்துக்கிறேன்" என்றார். சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நின்ற அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கனவில் அந்தப் பை தானாக நடந்து அவள் வேலை செய்யும் மூக்குக் கண்ணாடிக் கடைக்குள் வந்தது. அவளையே பரிசோதனை நாற்காலியில் உட்காரவைத்து, சுவரில் தொங்கிய எழுத்துகளின் கடைசி வரியைப் படிக்கச் சொன்னது. அவளால் படிக்க முடியவில்லை.

விழித்தபோது வெளியே தண்ணீர்ச் சத்தம். அப்பா டாக்சியைக் கழுவிக்கொண்டிருந்தார். கூரை விளக்கைத் தனியாக, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் துடைப்பார். நிலையத்து டாக்சி ஸ்டாண்டுக்கு அவர்தான் செயலாளர். வரிசையில் முதல் வண்டி எது என்று சண்டை வந்தால் அவர் கை நீட்டுகிற வண்டிதான் முதல் வண்டி. மறுபேச்சு கிடையாது.

"குட்டி, எழுந்துட்டியா? இந்தப் போனைக் கொஞ்சம் பாரு."

அவள் அந்தப் போனைப் பார்க்க வேண்டியிருந்தால் அது ஒரே காரணத்துக்காகத்தான்.

"பேரை மாத்தணுமாம்" என்றார் அப்பா, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே. "'மீட்டர்'னு பார்த்தாலே இப்ப எவனும் வர மாட்டேங்கிறான். அவங்களுக்குள்ள சொல்லிக்கிறாங்க போல. பொம்பளைப் பேரா போடுங்க, ஓடி வருவான்னு பீரங்கி சொல்றான்."

பீரங்கி என்பது ஸ்டாண்டில் இருக்கும் இன்னொரு டிரைவர். அவர் ரகசியம் பேசினால் அடுத்த நடைமேடையில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார்.

பொறி வைக்கும் யோசனையும் பீரங்கியுடையதுதான். பயணிபோலச் செயலியில் கார் கூப்பிடுவது; கார் வந்து நின்றதும், டாக்சி அனுமதி இல்லாமல் வாடகைக்கு ஓட்டுவதாக இன்ஸ்பெக்டரிடம் ஒப்படைப்பது. போகுமிடம் என்று கேட்கும் கட்டத்தில் எப்போதும் போக்குவரத்து அலுவலகத்தைத்தான் போடுவார்கள். "எப்படியும் வண்டி அங்கதான் போகப் போகுது, வழியை முன்னாடியே காட்டிடுவோமே" என்று பீரங்கி சொன்னபோது ஸ்டாண்டே சிரித்தது. பயணத்தைத் தொடங்கிய பிறகுதான் ஓட்டுபவருக்குப் போகுமிடம் தெரியும் என்பதால் யாருக்கும் சந்தேகமும் வரவில்லை.

எல்லாம் சரி. ஆனால் அப்பாவின் போனில் அந்தச் செயலியை இறக்கி, கணக்குத் திறந்து, 'மீட்டர்' என்று பெயர் போட்டுக் கொடுத்தவள் இளையவள்.

அன்றே அக்காவின் கணவரான அத்தானிடம் போய், "மீட்டர்னு பேர் வந்தா எடுக்காதீங்க, அது பொறி" என்று சொன்னவளும் அவளே.

அத்தான் வேலை பார்த்த அச்சகம் மூடிப் பல மாதங்கள் ஆகிவிட்டன. அவர் இன்னும் அச்சகத்துக்குத்தான் போகிறார் என்று அப்பா நம்பிக்கொண்டிருந்தார். உண்மையில் அவர் பழைய கூட்டாளி ஒருவரின் காரை, அந்தக் கூட்டாளியின் பெயரிலேயே, செயலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். இது அக்காவுக்கும் இளையவளுக்கும் மட்டும் தெரியும். "அப்பா காதுக்குப் போச்சுன்னா அவரால இந்த வீட்டு வாசப்படி மிதிக்க முடியாதுடி" என்று அக்கா அவள் கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தாள்.

"இன்னிக்கே வேணுமாப்பா? மழை வர்ற மாதிரி இருக்கே."

"மழைன்னா இன்னும் நல்லது. மழையில அவன் நாலு தெரு தாண்டியும் வருவான்."

"அவங்க மேல அவ்வளவு கோபமா உங்களுக்கு?"

அப்பா கூரை விளக்கைத் தட்டிக் காட்டினார். "இதுல முடி மாதிரி ஒரு கீறல் இருந்துச்சு. அதுக்கு வண்டியை ஒரு வாரம் நிறுத்தி வச்சாங்க. மீட்டருக்கு சீல், வண்டிக்கு புகைச் சோதனை, எனக்குக் கண்ணு, காது, ரத்த அழுத்தம். சீட்டு உறை கிழிஞ்சா அதுக்கும் ஒருத்தர் வந்து எட்டிப் பார்க்கிறார். சரி, சட்டம்னா சட்டம், செய்யறேன். அவனுக்கு மட்டும் ஏன் ஒண்ணுமே இல்ல? இதைக் கேட்டா நான் கோபக்காரனா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம். அப்பா சொல்வது அநியாயமாக இருந்தால் அவள் குற்ற உணர்ச்சி பாதியாவது குறைந்திருக்கும்.

பெயர் எழுதும் கட்டத்தில் அவள் விரல் தயங்கியது. பிறகு 'குட்டி' என்று தட்டினாள். நம் வீட்டுப் பெயர்; அத்தான் பார்த்ததும் இது நம் வீட்டிலிருந்து வைக்கிற பொறி என்று புரிந்துகொள்வார், விலகிப் போவார்.

"உன் பேரையேவா போடறே?"

"வேற எதுவும் தோணலப்பா."

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை.

*

கண்ணாடிக் கடை நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் இருந்தது. கடைக்குள் நின்றபடியே ஸ்டாண்டின் மஞ்சள் விளக்குகளை வரிசையாகப் பார்க்கலாம். மழை பிடித்ததும் அவை கண்ணாடியில் கரைந்து வழிந்தன. ஊரே தப்பான பவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்பதாக அவளுக்குத் தோன்றியது.

கடைக்கு வந்ததுமே அத்தானைக் கூப்பிட்டாள்.

"வண்டியில ஆள் இருக்காங்க, அப்புறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

செய்தி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. பெயரைப் பார்த்தாலே புரிந்துவிடுமே என்று ஒரு நம்பிக்கை; அதற்குள் வந்துவிட்ட ஒரு வாடிக்கையாளர்.

அவர் ஒவ்வொரு பிரேமாக மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார். "இது போட்டா வயசு குறைச்சலா தெரியுதா?"

"தெரியுது சார்."

"போன பிரேமுக்கும் இதையேதானே சொன்னே?"

"ரெண்டையும் போட்டா இன்னும் குறையும் சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். இளையவளும் சிரித்தாள். பின்னால் நினைத்துப் பார்த்தபோது, சிரித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தை அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

ஏனென்றால் அப்போதுதான் அப்பாவும் பீரங்கியும் இன்ஸ்பெக்டரும் சாலையைக் கடந்து வந்து, நேராக அவள் கடையின் கூரைத் தட்டிக்குக் கீழே ஒதுங்கினார்கள்.

அவள் கதவைத் திறந்தாள். "என்னப்பா, இங்க வந்துட்டீங்க?"

"நிலையத்து வாசல்னா சந்தேகப்படறாங்களாம்" என்றார் அப்பா. "உன் கடை வாசல்னா யாருக்குத் தெரியும்? பீரங்கி யோசனை."

"யோசனைக்கு மட்டும் நான்தான்" என்று பீரங்கி தெருவுக்கே அறிவித்தார். "பாராட்டு எல்லாம் செயலாளருக்கு!"

"மெதுவாப் பேசுங்கய்யா, வர்றவன் திரும்பிப் போயிடுவான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

இளையவள் கைப்பிடியை விடாமல் நின்றாள். மழை. கண்ணாடிக் கடை. குட்டி. மூன்றையும் சேர்த்து அத்தானின் கண்ணால் ஒரு தடவை படித்துப் பார்த்தாள். அது எச்சரிக்கை இல்லை. மச்சினி மழையில் மாட்டிக்கொண்டு கூப்பிடுகிறாள்.

"வண்டி கிடைச்சிடுச்சு!" அப்பா போனைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "சாம்பல் கலர். ஓட்டறவன் ஒரு மீசைக்காரன்."

மீசைக்காரர் அந்தப் பழைய கூட்டாளி. படம் அவருடையது, காரும் அவருடையது.

அவள் உள்ளே ஓடி அத்தானை அழைத்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தாள். "ஏம்மா, இந்தக் கறுப்பு பிரேம்?" என்று வாடிக்கையாளர் கேட்டார். மூன்றாவது முறை அழைக்கும்போது கண்ணாடிக்கு அப்பால் சாம்பல் நிறக் கார் வந்து நின்றது.

*

அத்தான் மற்றவர்களைப்போலக் காருக்குள்ளேயே உட்கார்ந்து காத்திருக்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு இறங்கிக் கடையை நோக்கி ஓடிவந்தார்.

"குட்டி! என்னாச்சு? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

தட்டிக்குக் கீழே மாமனாரைப் பார்த்ததும் அவர் கால்கள் நின்றுவிட்டன. குடை மட்டும் காற்றில் ஆடியது.

அப்பா போனைப் பார்த்தார். காரின் எண்ணைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். கடைசியாகக் கடை வாசலில் நின்ற மகளைப் பார்த்தார். அந்த வரிசையை இளையவள் ஆயுசுக்கும் மறக்க மாட்டாள்.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். "செயலாளரே, இந்த வண்டிதானே?"

கார் பறிமுதல். லைசென்ஸ் ரத்து. அடுத்தவர் பெயரில் ஓட்டியதற்குத் தனி வழக்கு. அக்கா வீட்டில் இனி அடுப்பு எரியுமா என்பது அப்பாவின் ஒரு வார்த்தையில் இருந்தது.

அப்பா போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"இல்ல சார்" என்றார். "இவர் என் மாப்பிள்ளை. எங்களைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கார்."

"அப்ப நாம கூப்பிட்ட வண்டி?" என்றார் பீரங்கி. அவர் அவ்வளவு தணிந்த குரலில் பேசி யாரும் கேட்டதில்லை.

"கேன்சல் பண்ணிட்டான்."

"இப்பதானே கிடைச்சுதுன்னு சொன்னீங்க?"

"இப்பதான் கேன்சல் பண்ணான்."

மழை தட்டியில் கொட்டியது. இன்ஸ்பெக்டர் போனைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "உங்க வார்த்தையே போதும் செயலாளரே" என்று பேனாவை மூடினார். "மாப்பிள்ளைன்னு சொல்லியிருந்தா ஓரமா நிப்பாட்டச் சொல்லியிருப்பேனே."

பீரங்கி அப்பாவின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குட்டி, சொல்லிட்டு வா. போலாம்."

அவள் கடைக்குள் போய் மேஜைமேல் கிடந்த பிரேம்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு முதலாளியிடம் அரை நாள் விடுப்புக் கேட்டு வந்தாள். அத்தான் காரின் முன் கதவைத் திறந்து பிடித்திருந்தார். அப்பா அதைத் தாண்டிப் போய்ப் பின் கதவைத் திறந்து உட்கார்ந்தார். முன்னால் இளையவள் உட்கார வேண்டியதாயிற்று.

மூன்று பேரும் இன்ஸ்பெக்டருக்குக் கையசைத்தார்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள்போல.

அத்தானின் கட்டைவிரல் பழக்கத்தில் போன் திரையைத் தள்ளியது. "பயணம் தொடங்கியது" என்றது ஒரு பெண் குரல். "நேராகச் செல்லவும்."

திரையில் போகுமிடம் தெரிந்தது: போக்குவரத்து அலுவலகம். அத்தான் இளையவளைப் பார்த்தார். அவள் வைப்பரைப் பார்த்தாள்.

*

அப்பா வாழ்நாளில் பின் இருக்கையில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தார், கதவில் வைத்தார். சிக்னல் வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் தரையை அழுத்துவதை இளையவள் லேசாகத் திரும்பிப் பார்த்தாள். இல்லாத பிரேக்.

"எப்பலேர்ந்து?" என்றார்.

"அச்சகம் மூடினதுலேர்ந்து, மாமா."

"எப்ப மூடினாங்க?"

வைப்பர் இரண்டு முறை போய் வந்தது.

"பெரியவளுக்குத் தெரியும்" என்றார் அப்பா. அது கேள்வி இல்லை. "என்கிட்ட வந்து கேட்டிருந்தா ஸ்டாண்டுலயே ஒரு வண்டிக்கு ஏற்பாடு பண்ணியிருப்பேனே மாப்பிள்ளை."

"அதுக்குத்தான் கேக்கல, மாமா. பர்மிட்டுக்கு எத்தனை பேர் வரிசையில இருக்காங்கன்னு நீங்கதான் சொல்வீங்க. மாப்பிள்ளைன்னு என்னை முன்னாடி நிறுத்தினா, நாளைக்கு முதல் வண்டி எதுன்னு நீங்க கை நீட்டினா யார் கேப்பாங்க?"

"இடதுபுறம் திரும்பவும்" என்றது குரல்.

அத்தான் இடதுபுறம் திரும்பினார். வேறு எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை.

"நான் இப்ப பண்ணதும் அதுதானே" என்றார் அப்பா மெதுவாக. "முன்னாடி நிறுத்திட்டேன்."

சொல்லிவிடு என்றது இளையவளின் மனசு. அப்பா தன்னை மட்டும் குறை சொல்லிக்கொள்கிறார், சொல்லிவிடு. வாயைத் திறந்தாள். அதற்குள் அத்தான் முந்திக்கொண்டார், நல்லது செய்வதாக நினைத்து.

"குட்டி மேல கோபப்படாதீங்க மாமா. அவ மட்டும் இல்லேன்னா நான் என்னிக்கோ மாட்டியிருப்பேன். மீட்டர்னு பேர் வந்தா எடுக்காதீங்கன்னு முதல் நாளே சொல்லிட்டா."

இளையவள் திரும்பிப் பார்த்தாள்; அப்பாவின் முகம் அப்படியே இருந்தது. கை மட்டும் கதவிலிருந்து கீழே இறங்கியது.

அந்தப் பெண் குரல் வழி சொல்லிக்கொண்டே போனது. நேராக. சிறிது வலதுபுறம். நேராக.

"குட்டி."

"அப்பா."

"அந்தப் பை வச்சிருந்தாரே, வாத்தியார்."

"ம்."

"அவருக்கு யாரு சொன்னா?"

அவள் அழவில்லை. அழுதால் அப்பா சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். அது இன்னும் மோசம். "யாரும் சொல்லலப்பா" என்றாள். "நம்ம வீட்டு ஆளுக்கு மட்டும்தான் சொன்னேன்."

"நானும் நம்ம வீட்டு ஆளுக்கு மட்டும்தான் இல்லேன்னு சொன்னேன்" என்றார் அப்பா. "ரெண்டு பேரும் ஒரே மாதிரி. உங்கம்மா அடிக்கடி சொல்லுவா, நீ என்னை உரிச்சு வச்சிருக்கேன்னு. அப்பல்லாம் சந்தோஷமா இருக்கும்."

*

"வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றது குரல்.

அலுவலகத்தை ஒட்டிய மைதானத்தில் பறிமுதல் செய்த வண்டிகள் மழையில் நனைந்துகொண்டிருந்தன. கம்பி வேலிக்கு அருகில் வாத்தியாரின் கார். பின் கண்ணாடியில் உள்பக்கமாக ஒரு குழந்தை ஒட்டிய காகிதப் பூ. அதன் ஒரு மூலை பிரிந்து தொங்கியது.

அப்பாவின் சட்டைப் பைக்குள் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார். "இது என்னம்மா கேக்குது? நட்சத்திரம் நட்சத்திரமா இருக்கு."

"அத்தான் எப்படி ஓட்டினார்னு கேக்குதுப்பா. எத்தனை நட்சத்திரம் கொடுக்கறீங்கன்னு."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "பிரேக்கை லேட்டாப் பிடிக்கிறார்" என்றார். போனை மறுபடி பைக்குள் போட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அத்தானின் தோள் கொஞ்சம் தளர்ந்தது.

"உள்ள போய்ச் சொல்லப் போறேன்" என்றார் அப்பா. "அந்த வாத்தியார் தானா வரல, பொய்யா ஒரு பேர் போட்டு நாங்கதான் கூப்பிட்டு வரவழைச்சோம்னு. சாட்சி நான். நானே இதைச் சொன்னா வண்டியை விட்டாலும் விடுவாங்க."

அத்தான் திரும்பிப் பார்த்தார். "மாமா, அதைச் சொன்னா இன்னிக்கு யாரைக் கூப்பிட்டீங்கன்னும் கேப்பாங்க."

"கேப்பாங்க."

"கேன்சல் ஆகலேன்னு அந்தப் போன்லயே இருக்கு."

"இருக்கும்."

அப்போது போன் மறுபடியும் அடித்தது. பீரங்கி. அப்பா அதைப் பார்த்தார். எடுக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. அது அவர் நெஞ்சருகே அடித்துக்கொண்டே இருந்து ஓய்ந்தது.

"மாப்பிள்ளை" என்றார் அப்பா, கதவில் கை வைத்தபடி. "நீங்க இறங்க வேண்டாம். நான் உள்ள போய்ப் பேச ஆரம்பிக்கிறதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். வரிசை இருக்கும். அதுக்குள்ள நீங்க எங்க வேணும்னாலும் போயிடலாம். காரை அந்த மீசைக்காரர் வீட்டுல விட்டுட்டு இனிமே தொடாம இருந்தா, இந்த ஆபீஸ்காரங்க அவருக்கு எழுதி அனுப்பி, அவர் பதில் சொல்லி, எல்லாம் முடிய நாளாகும். நான் உங்களைப் போகச் சொல்லல. இருங்கன்னும் சொல்லல."

"அப்பா" என்றாள் இளையவள்.

"நீ வா. மீட்டர்னு பேர் போட்டது நீ. உன் வாயாலயும் சொல்லணும்."

அவள் இறங்கினாள். மழை வலுத்திருந்தது. அத்தான் தன் குடையை ஜன்னல் வழியாக நீட்டினார். அவள் வாங்கி அப்பாவுக்குப் பிடித்தாள். குடை சின்னது. அப்பாவின் இடது தோளும் அவளுடைய வலது தோளும் நனைந்தன.

வாசல் படிக்கட்டில், மேல்கூரைக்குக் கீழே, யாரோ ஒருவர் காகிதங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு சிறுமி. அவள் முதுகில் நீலப் பை.

அப்பாவின் நடை ஒரு கணம் தடுமாறியது. பிறகு முன்னைவிட வேகமானது.

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். அப்பாவை அடையாளம் கண்டுகொண்டார். மகளின் தோளில் கை வைத்து அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பின்னால் சாம்பல் நிறக் காரின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் இளையவளுக்குக் கேட்டது. ஒரு படி ஏறினாள். இன்னொரு படி. சத்தம் இப்போது இல்லை.

அத்தான் எஞ்சினை அணைத்துவிட்டாரா, போய்விட்டாரா? திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.